மெலிந்தபோது வாழ்த்தியவர்களுக்கு

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் படம் ஒன்று வந்து விழுந்தது. மூன்று வருடத்துக்கு முன் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் எடுத்தது. போட்டவள் என் சித்தி மகள் மகேஸ்வரி. அந்தக் கல்யாணமே அவளுடையதுதான். தன் மூன்றாவது கல்யாண நாளுக்குத் தன் படத்தைப் போடாமல் என் படத்தைப் போட்டு, "கோமதி அக்கா அன்னைக்கு எவ்ளோ அழகு!" என்று எழுதியிருந்தாள். அதில் இருந்த விசித்திரம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்து நிமிடத்தில் இருபது இதயங்கள் வந்தன. ஒருவர் "ஹீரோயின்" என்றார். என் அம்மா, "அப்ப எப்டி இருந்தா! இப்பதான் விட்டுட்டா" என்று எழுதினாள்.

நான் கையில் வைத்திருந்த ரொட்டியை டப்பாவில் போட்டு மூடினேன். கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தில் நிற்பவள் சாவுக்குப் பக்கத்தில் நின்றவள். அதைத்தான் நீங்கள் எல்லோரும் ஹீரோயின் என்கிறீர்கள்.

இதை ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். இனிமையாக எழுத வரவில்லை. பனி, ரயில், ஒழுங்கு என்று வெளிநாட்டுப் பெருமை வரும் என நினைத்தால் இப்போதே மூடி வைத்துவிடுங்கள். இன்னொன்று, நான் அப்போது எத்தனை கிலோ இருந்தேன் என்று எங்கேயும் சொல்லமாட்டேன். அந்த எண்ணைத் தன் இலக்காகக் குறித்துக்கொள்ளும் ஒருத்தி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

2

வட ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்தில் இருக்கிறேன். கப்பலில் வரும் பெட்டிகள் எந்த லாரியில் எப்போது ஏற வேண்டும் என்று அட்டவணை போடும் வேலை. மேற்படிப்புக்கு வந்து அப்படியே தங்கி ஒன்பது வருடம் ஆகிறது.

ஊரில் இருந்தவரை நான் பூசினாற்போல் இருப்பேன். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், சமைக்கத் தெரியாமலும் சமைக்கப் பிடிக்காமலும் கொஞ்சம் மெலிந்தேன். வீடியோ அழைப்பில் அம்மா ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏட்டி, மெலிஞ்சிட்டியே! இப்பத்தாம்ட்டி லெச்சணமா இருக்க. இப்டியே மெயின்டெய்ன் பண்ணிக்கோ."

நான் கல்லூரியில் முதலாவதாக வந்தபோதும் விசா கிடைத்தபோதும் அம்மாவின் குரலில் அந்தச் சந்தோஷம் இருந்ததில்லை. அம்மாவால் எனக்கு நோய் வந்தது என்று சொல்லவில்லை. இது ஒரே காரணத்தால் வருவதில்லை என்று பின்னால் மருத்துவர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தக் குரலை இன்னொரு முறை கேட்கவேண்டும் என்ற ஆசையோடுதான் நான் முதல் வேளைச் சோற்றை விட்டேன். அது மட்டும் எனக்குத் தெரியும்.

பிறகு சோறு போனது, எண்ணெய் போனது, அலுவலகத்து நண்பர்களோடு வெளியே போவது போனது. ஒவ்வொன்று போகும்போதும் ஏதோ வென்றதுபோல் இருக்கும். ஆனால் கண்ணாடியில் தெரிந்தவள் மெலியவே இல்லை. உடைகள் தொளதொளவென்று ஆயின, இடுப்புப் பட்டைக்குப் புது ஓட்டை போட்டேன், கண்ணாடியில் மட்டும் அதே பழைய கோமதி, இன்னும் கொஞ்சம் பருத்து. துணி பொய் சொல்கிறது, கண்ணாடி உண்மை சொல்கிறது என்று நம்பினேன்.

என் அப்பாவுக்குப் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை. மூட்டையைத் தூக்காமலே எடை சொல்வார், ஒரு கிலோ முன்னே பின்னே போகாது என்று அங்கே அவருக்குப் பேர். மகள் பாதியாகிப் போனதை அந்தக் கண் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டு, நல்ல விஷயம்தானே என்று இருந்துவிட்டது.

3

மகேஸ்வரியின் கல்யாணத்துக்கு நான் ஊருக்கு வந்தபோது தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்தது. பட்டினியில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள கையெல்லாம் பூனைமுடி முளைக்கும். அதை மறைக்க முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டேன். "புது ஸ்டைலா?" என்று தடவிப் பார்த்தார்கள்.

மண்டபத்தில் ஒரு அத்தை இரண்டு கையாலும் என் இடுப்பை வளைத்துப் பிடித்து, விரல்கள் தொட்டுக்கொள்கின்றனவா என்று அளந்தாள். "என்னட்டி சாப்டுத? எங்களுக்கும் சொல்லு" என்று ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். சித்தி, மணப்பெண்ணைப் பார்த்து, "மகேசு, அக்காவப் பாத்துக் கத்துக்கோட்டி. ஜெர்மனில இருந்துட்டு எப்டி உடம்பப் பேணுதா பாரு" என்றாள். பந்தியில் என் இலையில் எல்லாம் அப்படியே இருந்தது. இலையை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கூட்டமாகக் குற்றாலம் போனோம். சாரல் நன்றாக இருந்தது. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் போய் நின்றேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் என்னால் அதைத் தாங்க முடியவில்லை. முழங்கால் மடங்கியது தெரியும். பிறகு பாறையில் கன்னம் இருந்தது. யாரோ முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வெளியே போட்டார்கள். அதில் ஒருத்தி, "என்னம்மா, கோழிக்குஞ்சு கனம்தான் இருக்கு" என்றாள். அந்தப் பயணத்தில் என் உடம்பைப் பற்றி உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

சித்தி உடனே கண்டுபிடித்துவிட்டாள். "கண்ணு பட்டுட்டு. நேத்து அத்தன பேரும் இவளத்தான பாத்தாவ."

ஒரு கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். "வீக்னெஸ்தான். ஒல்லியா இருக்கது நல்லதும்மா, சுகர் கிகர் வராது" என்றார் மருத்துவர். சாயங்காலம் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, "ஆராவது கேட்டா பாசில வழுக்கிட்டுன்னு சொல்லு. நோக்காடு கீக்காடுன்னு பேரு வந்துரக் கூடாது, ஜாதகம் ரெண்டு எடத்துல குடுத்துருக்கு" என்றாள்.

நான் பாசியில் வழுக்கி விழுந்தேன் என்று ஊர் முழுக்கச் சொன்னேன்.

4

ஜெர்மனிக்குத் திரும்பிய பதினைந்தாம் நாள் அலுவலகப் படிக்கட்டில் மறுபடி விழுந்தேன். நிறுவனத்து மருத்துவர் என் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். அவர் என்னை வாழ்த்தவில்லை. முகம் மாறி, ஆம்புலன்சுக்குச் சொன்னார். மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்துவிட்டு, உணவுக் கோளாறுக்கென்றே இருக்கும் ஒரு சிகிச்சை மனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த நாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் எல்லாம், "மதிப்பிற்குரிய திரு. சுப்பையா, தங்களுடைய உணவுக் கோளாறு தொடர்பாக" என்றுதான் தொடங்கும். பாவூர்சத்திரத்தில் நிம்மதியாகப் புரோட்டா தின்றுகொண்டிருந்த மனிதருக்கு ஜெர்மனியில் பட்டினி நோய் பதிவானது. நான் பெண் என்று நிரூபிக்க ஒரு படிவம், அவசரமாகச் சேர்க்க வேண்டியவள் என்று நிரூபிக்க ஒரு படிவம். இரண்டாவது படிவத்தை நிரப்பியபோது, இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தால் சீக்கிரம் கையெழுத்து ஆகியிருக்குமோ என்று நினைத்தேன். நோய் அப்படித்தான் யோசிக்கும். காப்பீட்டு அலுவலகமும் அதற்கு ஒத்தாசை செய்தது.

சிகிச்சை மனையில் முதல் நாள் பாதித் தட்டு சாப்பிட்டுவிட்டு, போதும் என்பதற்கு, வேலையில் ஆங்கிலத்திலேயே ஓட்டிவந்த நான் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் "வயிறு நிறைந்துவிட்டது" என்று நினைத்து ஒன்றைச் சொன்னேன். மேசையில் இருந்த ஆறு பெண்களும் சிரித்தார்கள். நான் சொன்னதற்கு அவர்கள் பேச்சில் "போதையில் இருக்கிறேன்" என்று அர்த்தமாம். தாதி சிரிக்கவில்லை. சரியான சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டு, "அந்தச் சொல்லைத் தட்டு காலியான பிறகு சொல்லலாம்" என்று என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளை அன்று வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை.

5

இரண்டு மாதம் கழித்து, கொஞ்சம் தேறி நடமாடத் தொடங்கியபோது, ஆன்கே என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் இருக்கும். உணவுக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் உடம்பைத் தாங்களே பார்க்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேன் மிஷினில் படுக்கவைத்துப் பார்க்கும் ஆய்வு. விருப்பம் இருந்தால் சேரலாம், பாதியில் எழுந்து போகலாம் என்றார். சேர்ந்தேன். எனக்கு அதில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் படம் எடுத்தார்கள். உடம்போடு ஒட்டிய சாம்பல் நிற உடையில் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். தலையை அழித்துவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து ஸ்கேன். தலையைச் சுற்றிக் கூண்டுபோல் ஒன்றை மாட்டி, அதில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்க்க வைத்தார்கள். தலையில்லாத பெண்களின் உடம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சிலது மற்றவர்கள், சிலது நான். கவனம் சிதறாமல் இருக்க, திரையில் சிவப்புப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். மிஷின் தகரக் கொட்டகையில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் போட்டது.

மற்றவர்களைப் பார்க்கும்போது ஒன்றும் இல்லை. என் முன்பக்கம் வந்ததும் பொத்தானைத் தவறவிட்டேன். பருத்த தொடை, பருத்த வயிறு. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. பிறகு ஒரு பின்பக்கம் வந்தது. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் கதவுக் கைப்பிடிபோல் துருத்திக்கொண்டு, நடுவில் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக எண்ணும்படி. ஐயோ, யார் பெற்ற பிள்ளையோ, இவளுக்கு யாரும் சோறு போடவில்லையா என்று பரிதாபப்பட்டேன்.

அப்போதுதான் இடது முழங்கைக்குப் பின்னால் அந்தத் தழும்பைப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் சைக்கிளோடு விழுந்து நாலு தையல் போட்டது.

அது நான் என்று தெரிந்த அந்த நொடியே, என் கண்ணெதிரே, படம் பருத்தது. எலும்பெல்லாம் உள்ளே போய்விட்டது. அகலமான, சதைப்பிடிப்பான முதுகு. சத்தியமாகச் சொல்கிறேன், படம் மாறவில்லை. மாற்றங்கள் எதுவும் செய்யாத படம் அது என்று பிறகு ஆன்கே உறுதியாகச் சொன்னார்.

யாரும் தன் முதுகைப் பார்ப்பதில்லை. என் முதுகைப் பற்றி நான் அறிந்ததெல்லாம், பதினாலு வயதில் குற்றாலத்தில் ஈரத்துணியோடு நின்றபோது சித்தப்பா, அதாவது மகேஸ்வரியின் அப்பா, எல்லோர் முன்னிலும் சொன்னதுதான். "அருவித் தண்ணி பூரா இவ முதுகுலயே தங்கிரும் போலுக்கே." அப்போது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினைந்து வருடம் கழித்து மிஷினுக்குள் படுத்துக்கொண்டு நான் பார்த்தது அந்த முதுகைத்தான்.

வெளியே வந்து ஆன்கேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பரிதாபப்பட்டது எவ்வளவு நேரம் இருக்கும்?"

"இரண்டு நொடி."

"அந்த இரண்டு நொடியில் உங்கள் கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. இதை மறக்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்."

6

எனக்கு ஆக வேண்டியிருந்த காரியம் இதுதான். என் மூளைப் படம் வேண்டும். பயம் எங்கே எரிகிறது என்று சிவப்பில் காட்டும் படம். அதைக் குடும்பக் குழுவில் போட்டு, பாருங்கள், இது திமிர் இல்லை, பிடிவாதம் இல்லை, சாப்பிடாமல் சீன் போடவில்லை என்று முகத்தில் அறைய வேண்டும்.

ஆன்கே மறுத்துவிட்டார். தன் உடம்பைப் பார்க்கையில் சிலருக்கு அச்சத்தோடு தொடர்புள்ள பகுதிகள் கூடுதலாகக் கிளர்கின்றன, உடலுருவைப் பார்த்து அறியும் பகுதிகள் வேறு மாதிரி இயங்குகின்றன என்று சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். எல்லா ஆய்வும் ஒத்துப்போவதில்லையாம். பலரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும், ஒருத்தியின் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். கடைசியில் வெறும் மூளையின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை, ஞாபகத்துக்கு என்று கொடுத்தார்.

அதையே போட்டேன். கீழே என் நோயின் பெயரைத் தமிழில் எழுதி, மூன்று பத்தி விளக்கமும் எழுதினேன். சித்தப்பாதான் முதலில் பதில் போட்டார். "மூளை இருக்குன்னு ப்ரூஃப் கெடச்சிட்டு." பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் முகம். அதற்குப் பதினோரு பேர் சிரித்தார்கள். அடுத்து ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார். அத்தோடு என் நோய் முடிந்தது.

சிகிச்சையில் கண்ணாடிப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஆளுயரக் கண்ணாடி முன் நின்று, தெரிவதைத் தெரிகிறபடி, தீர்ப்புச் சொல்லாமல் சொல்ல வேண்டும். ஜெர்மனில் ஒருவாறு வந்தது. தோள் வளைந்திருக்கிறது, வயிறு மூச்சுக்கு ஏற்ப அசைகிறது. ஒருநாள் மருத்துவர், "உங்கள் தாய்மொழியில் சொல்லிப் பாருங்கள்" என்றார். வாயைத் திறந்தேன். தளதள, நோஞ்சான், லெச்சணம், பூசினாப்புல, குச்சி, பூசணிக்காய். எனக்குப் பழகிய பேச்சில் எல்லாமே தீர்ப்புத்தான். அவ்வளவு தமிழையும் வைத்துக்கொண்டு, என் வயிற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு சாதாரணச் சொல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து என் உடம்போடு ஜெர்மனில்தான் பேசுகிறேன். மொழியை மறந்துவிட்டாள் என்று ஊரில் யாரும் வருத்தப்பட வேண்டாம்.

தேறுவதற்கு இரண்டு வருடம் ஆனது. ஜாதகம் கொடுத்த இடத்திலிருந்து புதுப் படம் கேட்டார்கள். அனுப்பினோம். பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

7

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, சண்டை போடுவதற்காகவே மகேஸ்வரியை அழைத்தேன். அவள் இப்போது புளியங்குடியில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். ஒன்றரை வயதில் ஒரு பெண்குழந்தை.

"ஏட்டி, எதுக்கு அந்தப் படத்தப் போட்ட?"

"நல்லாத்தானக்கா இருக்கு..." மூச்சு வாங்கியது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று பேசினாள்.

"மாடியேறி வந்தியா?"

"இல்லக்கா. சும்மா உக்காந்துதான் இருக்கேன்."

அந்த மூச்சு எனக்குத் தெரியும். "வீடியோ போடு" என்றேன். நைட்டியில் இருக்கிறேன், வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. குழுவில் அவள் கொஞ்ச நாளாகத் தன் படமே போடாதது அப்போதுதான் உறைத்தது.

"பிள்ள பெத்தப்புறம் பாக்கச் சகிக்கலன்னு எங்க அத்தை சொல்லுதாவக்கா. இவுகளும் ஒண்ணும் சொல்லாம இருக்காவ. அதான். ஒங்க படத்த பிரிட்ஜ்ல ஒட்டிருக்கேன். நீங்க எழுதித் தந்த மாதிரியேதான் சாப்டுதேன்."

இதுவரை உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் மறைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் எல்லோரும் கேட்டார்களே, என்ன சாப்பிடுகிறாய் என்று. மற்றவர்களுக்குச் சிரித்து மழுப்பினேன். மகேசுக்கு மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். காலை என்ன, மதியம் என்ன, பசித்தால் என்ன செய்வது, வீட்டில் கேட்டால் என்ன பொய் சொல்வது. அதை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும்.

சித்தியை அழைத்தேன்.

"அவளுக்கு என்னட்டி கொள்ள? இப்பத்தான் கொஞ்சம் நல்லா ஆயிருக்கா."

"மாசாமாசம் வீட்டுக்குத் தூரம் வருதான்னு கேட்டீயளா சித்தி?"

"பால் குடுக்கால்லா, அதான் வரல."

"பால நிறுத்தி ஆறு மாசம் ஆச்சின்னு அவளே சொன்னா. ஒங்க மவ சாவப் போறா. நான் செத்துப் பாத்தவ, எனக்குத் தெரியும்."

சித்தி அழுதுகொண்டே ஃபோனை வைத்தாள். நான் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன், யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று பெயரோடு, நான் எழுதிக் கொடுத்த தாள் உட்பட. ஒருமணி நேரத்தில் சித்தப்பா என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். ஐந்தாம் நாள் நான் புளியங்குடியில் அவள் வீட்டு வாசலில் நின்றேன். அவள் மாமியார், "கூப்பிடாம வந்திருக்கீயளே" என்றாள். "ஆமா" என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அவள் புருஷன் காரை எடுத்தான். மூவரும் திருநெல்வேலி போனோம்.

அங்கே ஒரு மனநல மருத்துவர் அவளை அரைமணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். இதயத்தைப் பார்த்து, ரத்தம் எடுத்து, ஒன்பது நாள் படுக்கையில் வைத்தார்கள். இப்போது வாரம் ஒருமுறை போய்வருகிறாள். தேறிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். நேற்றுகூட, வயிறு பெரிதாகத் தெரிகிறது என்று படம் அனுப்பினாள். இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பற்றிச் சண்டை போட்டோம். சித்தப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் நஷ்டம் இல்லை.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய நாளில் அவள் புருஷன் மருந்து வாங்கப் போனபோது, நானும் அவளும் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். ஆளுக்கு இரண்டு இட்லி. எனக்கும் இன்னும் ஊர்ச் சாம்பாரைப் பார்த்தால் பயம்தான். அவள் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"நீங்க சாப்டுங்கக்கா. நான் பாத்துட்டு இருக்கேன்."

"நீ பாக்கணும்னுதான் நானும் சாப்டுதேன். பிய்யி."

ஒரு துண்டு பிய்த்தாள். வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் ஒரு துண்டு, அவள் ஒரு துண்டு. முதல் இட்லிக்கே நாற்பது நிமிடம் ஆனது. பரிமாறுகிறவர் இரண்டு முறை வந்து நின்று, அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை என்னிடம் குனிந்தார்.

"என்னம்மா, இட்லி சரியில்லையா? தங்கச்சி இப்டி மெலிஞ்சி இருக்காவளே..."

"இட்லி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க. ஊத்திட்டு அங்கன போங்க. இவளப் பாக்காதீய."

அவர் ஊற்றிவிட்டுப் போனார். மகேசு இரண்டாவது இட்லியைப் பிய்த்தாள்.